வாசலோடு திரும்பிப்போன புரோகிராம்

நான் என்ன வேலை செய்கிறேன் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "டவுன்ல போட்டோ கொப்பி அடிக்குது." பொய் என்று சொல்லமாட்டேன். நாளில் பாதி, அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில் கொண்டுவருவதில் போய்விடுகிறது. மீதிப் பாதியில் நான் புரோகிராம் எழுதுகிறேன். அதைச் சொன்னால், "அதுக்கும் அந்த மெசின்தானே?" என்பார்கள். அதற்கு மேல் விளக்கம் சொல்லப்போனால் தேத்தண்ணி ஆறிவிடும்.

யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. தலவாக்கலை டவுனில் நான் வேலை பார்க்கும் கடையில் ஒரு பழைய கணினி இருந்தது, கையில் ஒரு போன் இருந்தது, மழை பெய்தால் கடைக்கு ஆள் வராது. எங்கள் பக்கத்தில் மழைக்கு என்ன பஞ்சம்? அப்படியே படித்துவிட்டேன்.

ஒப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங் என்று எந்த வீடியோவைத் திறந்தாலும் முதலில் ஒரு நாய் வரும். பிறகு ஒரு பூனை வரும். நாய் குரைக்கும், பூனை கத்தும், இரண்டுமே 'விலங்கு' என்ற ஒரே வம்சம் என்று படிப்பிக்கிறவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்வார். மூன்று மாதம் கண் விழித்து விழித்துப் பார்த்த பிறகு, உலகத்தில் உள்ள எந்த நாயையும் என்னால் குரைக்கவைக்க முடிந்தது. தலவாக்கலையில் அந்த வேலைக்கு ஆள் தேவைப்படவில்லை. நாய்களே பார்த்துக்கொண்டன.

நாய்க்குப் பிறகு மரம் வந்தது. கணினிக்காரர்கள் நடும் மரத்துக்கு வேர் மேலே இருக்கும், கிளை கீழே தொங்கும். இதை வரைந்து காட்டியபோது எங்கள் கடை முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். முஸ்லிம் வீட்டு வழக்கப்படி அவரை ஊரே நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும், நானும் அப்படித்தான்.

"தங்கச்சி, இந்த மரத்த நட்டவன் தலைகீழா நிண்டா நட்டான்?"

"இப்படித்தான் நானா வழக்கம்."

"படிச்சவன் செஞ்சா வழக்கம். நம்மட ஆள் செஞ்சா பைத்தியம். செரி செரி, நீங்க படிங்க."

நானா பேசுவதில் பாதியைத் தனியாக ஒரு கொப்பியில் எழுதிவைத்திருக்கிறேன். மனிதர்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவதைப் பொறுக்கிச் சேர்ப்பது எனக்கு ஒரு வியாதி. புரோகிராம் மொழிகளில் அந்த ருசி இல்லை. அவற்றில் எல்லாரும் ஒரே மாதிரிப் பேசுகிறார்கள், எல்லாரும் கடைசியில் அரைப்புள்ளி வைக்கிறார்கள்.

அந்த மரத்துக்குத் தலவாக்கலையில் ஒரு வேலை கிடைக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. கிடைத்தது, அதுவும் எங்கள் வீட்டு வாசலிலேயே.

எங்கள் தோட்டம் வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறுகிற பாதையில் இருக்கிறது. போன மழைக்கு நாலு லயத்துக்கும் பின்னால் இருக்கிற மலை வெடித்துக்கொண்டது. வெடிப்பைப் பார்க்க வந்தவர்கள் கையை விட்டுப் பார்த்தார்கள், முழங்கைவரை போயிற்று. பிறகு அதிகாரிகள் வந்தார்கள், அளந்தார்கள், படம் பிடித்தார்கள், ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டார்கள், நாலு லயத்து ஆட்களையும் கீழே உள்ள சமமான நிலத்துக்குக் கொண்டுபோகவேண்டும் என்று முடிவு சொன்னார்கள். குடும்பத்துக்கு ஒரு காணித்துண்டு, அதில் ஒரு வீடு. யார் யாருக்கு என்று பட்டியல் மட்டும் நாங்கள் கொடுத்தால் போதுமாம். இந்தப் பட்டியலில் விடுபட்டவர்களுக்கு இன்னொரு பட்டியல் வருமா என்று ஒருவர் கேட்டார். வந்தவர்கள் அதைக் கேட்காதது போல் ஜீப்பில் ஏறினார்கள். அதிலிருந்தே பதிலைப் புரிந்துகொண்டோம்.

மறுநாள் தோட்டக் கமிட்டித் தலைவர் கடைக்கு வந்தார். கையில் குழந்தை மாதிரி, தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி. அதில் நாலு லயமும், லயத்துக்குப் பன்னிரண்டு காம்பரா என்கிற ஓரறை வீடுகளும் அவர் கையெழுத்தில் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரு பெயர், அதன் கீழே கொஞ்சம் உள்ளே தள்ளி வேறு பெயர்கள், அவற்றின் கீழே இன்னும் உள்ளே தள்ளி வேறு பெயர்கள்.

"புள்ள, இத அப்படியே டைப் பண்ணி ஒரு பட்டியலாக் குடுத்துரு. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

டைப் செய்து கொடுத்திருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். ஆனால் நான் படித்தவள் இல்லையா? தாளில் உள்ளே தள்ளி உள்ளே தள்ளி எழுதியிருந்ததைப் பார்த்ததும் என் கண்ணுக்கு மரம் தெரிந்தது. தோட்டம் வேர். அதிலிருந்து லயங்கள். லயத்திலிருந்து காம்பராக்கள். காம்பராவுக்குள் ஆட்கள். நாய் பூனை இல்லாத முதல் உதாரணம்! "டைப் எல்லாம் எதுக்கு அண்ணே, புரோகிராமே எழுதித்தர்றேன்" என்றேன்.

"அது டைப்ப விட நல்லதா?" என்று தலைவர் நானாவைக் கேட்டார்.

"டைப்பிலே ஒரு பிழ விட்டா ஒரு பிழ. இதிலே ஒரு பிழ விட்டா நாலு லயத்துக்கும் சமமாப் பிரிச்சுக் குடுக்கும்" என்றார் நானா. நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

கோல்பேக் என்ற விஷயத்தை இங்கே சொல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது. தலைவர் லயத்துக்கு லயம், வாசலுக்கு வாசல் நடப்பதை யோசித்துக்கொள்ளுங்கள். சொட்டு மருந்து என்றாலும் அதே நடைதான். கோயில் திருவிழாக் கூட்டம் என்றாலும் அதே நடைதான். யாராவது செத்துப்போனால் துக்கம் சொல்லப் போவதும் அதே நடைதான். பாதை மாறாது, வாசலில் சொல்லவேண்டியதுதான் மாறும். கணினியிலும் மரத்தில் நடக்கிற வேலையை ஒரே தடவை எழுதிவைத்துவிடுவோம். நடக்கிறவன் கையில், வாசலில் செய்யவேண்டிய ஒரு சின்ன வேலையை மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கொடுத்தனுப்புவோம். "எந்த வாசலுக்குப் போனாலும் இதைச் செய்" என்று கொடுத்தனுப்பும் அந்தச் சின்ன வேலைக்குத்தான் கோல்பேக் என்று பெயர். நடப்பவனுக்கு வேலை தெரியாது. வேலைக்குப் பாதை தெரியாது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நம்பவேண்டியதுதான். கமிட்டி நடப்பதும் அப்படித்தானே.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. வாசலில் வேலையை முடித்த கோல்பேக், நடப்பவனைப் பார்த்து "இங்க போதும்" என்று திருப்பிச் சொல்லலாம். சொன்னால், அந்தக் கிளையில் அதற்குக் கீழே இறங்காமல் அவன் அடுத்த கிளைக்குப் போய்விடுவான். இப்படிக் கிளையை விட்டுவிடுவதற்கு அவர்கள் மொழியில் வைத்திருக்கும் பெயர் புரூனிங், செடியை வெட்டிவிடுகிற எங்கள் கவ்வாத்தேதான். மூன்று தலைமுறையாக எங்கள் ஆட்கள் தேயிலையில் செய்கிற வேலை. அந்தச் சொல்லைப் படித்ததும் எனக்குச் சொந்தக்காரர்களைக் கண்டதுபோல் ஆகிவிட்டது, உடனே பயன்படுத்திப் பார்க்க ஆசை வந்தது. எனவே என் கோல்பேக்கை இப்படி எழுதினேன்: காம்பராவுக்குள் போ, முதலில் தட்டுப்படுகிற பெரிய ஆளின் பெயரைக் குடும்பம் என்று பதிந்துகொள், "போதும்" என்று சொல்லிவிடு.

ஓடவிட்டேன். நாற்பத்தெட்டுக் காம்பரா, நாற்பத்தெட்டுக் குடும்பம். கண் சிமிட்டுவதற்குள் முடிந்தது. அவ்வளவு சுத்தமாக ஒரு கணக்கு எங்கள் தோட்டத்தில் வந்ததே இல்லை. அந்தச் சுத்தத்தைப் பார்த்தே நான் பயந்திருக்கவேண்டும். பெருமைப்பட்டேன்.

ஞாயிறு காலையில் தலைவர் அதைப் பெரட்டுக்களத்துச் சுவரில் ஒட்டினார். வார நாளில் காலையில் ஆட்களின் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற இடம் அது. அங்கே பேர் இல்லையென்றால் நீ இல்லை. பத்து நிமிடத்தில் அண்ணி வீட்டுக்கு வந்துவிட்டார்.

எங்கள் காம்பராவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் அப்பா, அம்மா, நான். நடுவில் ஒரு பலகை மறைப்பு. அதற்குப் பின்னால் அண்ணன், அண்ணி, அவர்களின் இரண்டு பிள்ளைகள். அண்ணன் கொழும்பில் ஒரு சாமான் கடையில் வேலை. தீபாவளிக்கு வருவார், பொங்கலுக்கு வருவேன் என்று போனில் சொல்லுவார். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நெத்தலிக் குழம்பில் உப்பு கூடிப்போனது சம்பந்தமாக நடந்த பேச்சுவார்த்தைக்குப் பிறகு, அண்ணி பின்பக்கம் தனியாக ஒரு அடுப்பு போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து ஒரு காம்பராவில் இரண்டு அடுப்பு. அப்பா மட்டும் கேட்கிறவர்களிடம் எல்லாம், "புகை ஒரே பக்கமா போவுதுன்னு ரெண்டாப் பிரிச்சுவிட்டோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். புகையின் நன்மைக்காக இவ்வளவு யோசிக்கிற மனிதரை வேறெங்கும் பார்க்கமுடியாது.

அண்ணி முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு என் முன்னால் நின்றார்.

"ஏ புள்ள, அந்த லிஸ்ட்டு நீதான் அடிச்சதா?"

"ஆமாங்க அண்ணி. புரோகிராம் எழுதி..."

"உங்கப்பா பேரு இருக்கு. எண்ணிப் பாத்தேன், நாலாவது. அதுக்குக் கீழ அஞ்சாவது அடுத்த காம்பராக்காரவுங்க. நடுவுல நானும் என் புள்ளைகளும் எங்க நிக்கிறோம்? பலகைக்குப் பின்னாலயா?"

"அப்பாவோட குடும்பத்துக்குள்ள நீங்களும்..."

"ஓ. உள்ள இருக்கோமா? தெரியாமப் போச்சு." அண்ணி திரும்பி, ஆளில்லாத இஸ்தோப்புத் திண்ணையைப் பார்த்துச் சொன்னார்: "கேட்டுக்கங்க, உள்ள இருக்கோமாம். மலை சரிஞ்சு வந்தா அதுவும் உள்ளதான் வரும், எல்லாரும் சேந்தே இருக்கலாம்."

"அண்ணி, வேணும்னு செய்யல்ல."

"வேணும்னு செஞ்சிருந்தாக்கூட பரவால்ல. என்னைய நெனச்சிருக்கேன்னு ஆகும். கீழ வீடு கெடச்சா ரெண்டு காம்பரா, அதுல மறுபடி ஒரு பலகையா? நா நோட்டன் பிரிட்ஜுக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிருறேன். உங்கண்ணன் தீவாளிக்கு அங்க வரட்டும். பஸ்ஸு இருக்கு."

அந்தக் கடைசி வரியை அண்ணி சத்தமில்லாமல் சொன்னார். சத்தமாகச் சொன்னால் நான் பயந்திருக்கமாட்டேன். பிள்ளைகள் இரண்டும் எங்கள் ஸ்கூலில்தான் படிக்கிறார்கள், சின்னது அப்பாவின் முதுகில்தான் வளர்ந்தது. அண்ணி போனால் அந்தக் காம்பராவில் என்ன மிச்சமிருக்கும் என்று எனக்குத் தெரியும்: நல்ல விசாலமான புகை.

திங்கட்கிழமை கடையில் புரோகிராமைத் திறந்தேன். பிழையைத் தேட இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அண்ணி மரத்தில் இருந்தார். நானே என் கையால் டைப் செய்து வைத்திருந்தேன், பெயர், வயது, பிள்ளைகள் எல்லாம். ஆனால் நடக்கிறவன் அப்பாவைக் கண்டதும் "போதும்" என்று கேட்டுத் திரும்பிவிட்டான். பலகைக்குப் பின்னால் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த எல்லா அதிகாரிகளும் இதுவரை செய்ததும் இதுதான். முன்பக்கம் நாற்காலி, நாற்காலியில் அப்பா, அப்பா சொன்னால் சரி, நன்றி, அடுத்த வாசல். வருடக்கணக்காக அவர்கள் வெயிலில் நடந்து செய்த அநியாயத்தை நான் உட்கார்ந்த இடத்திலிருந்து கண் சிமிட்டுவதற்குள் செய்துமுடித்திருக்கிறேன். முன்னேற்றம் என்றால் இதுதான்.

"போதும்" என்ற அந்த ஒரு வரியை அழித்தேன். ஓடவிட்டேன். இப்போது பட்டியலில் எல்லாரும் வந்தார்கள். உண்மையாகவே எல்லாரும். ஆறு மாதக் கைக்குழந்தைக்குக்கூடத் தனியாக ஒரு வீடு கேட்டிருந்தது.

"நல்லம்" என்றார் நானா, தோளுக்கு மேலால் பார்த்து. "மொதல்ல கெழவனுக்கு மட்டும் ஊடு. இப்ப தொட்டிலுக்கும் ஊடு. நடுவிலே ஒரு எடம் ஈக்குதே தங்கச்சி, அங்க நிப்பாட்ட ஏலாதா?"

அங்கேதான் சிக்கல். எங்கே நிறுத்துவது? குடும்பம் என்றால் என்ன என்று புரோகிராமுக்கு நான் சொல்லவே இல்லை. எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது? கல்யாணம் ஆனவர்கள் என்று வைத்தால், இரண்டாவது லயத்தில் தனியாக இருக்கிற விதவை விடுபடுவார். வயது என்று வைத்தால் நான் ஒரு குடும்பம் ஆகிவிடுவேன். சாயந்திரம் வீட்டுக்குப் போய், பேசமாட்டேன் என்ற முகத்தோடு ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அண்ணியிடமே கேட்டேன்.

"அண்ணி, குடும்பம்னா என்னங்க?"

"டவுன்ல சொல்லித்தரலியா?"

"சும்மா சொல்லுங்க."

அண்ணி ரொட்டியைத் திருப்பிப்போட்டார். "அடுப்பு. வேற என்ன? கல்யாணம் சொல்ல வர்றவுங்க எப்படி வர்றாங்க? உங்கப்பாகிட்ட வெத்தில பாக்கு வச்சிட்டு அப்படியே போயிருவாங்களா? பின்னால வந்து எனக்குந்தான் வைப்பாங்க. வைக்காட்டி நா போவமாட்டேன், அது அவுங்களுக்கும் தெரியும். அடுப்புக்கு ஒரு வெத்தில. சாவு சொல்ல வந்தாலும் அப்படித்தான்."

எனக்குத் தலைவரின் கொப்பி நினைவுக்கு வந்தது. உள்ளே தள்ளி எழுதின பெயர்கள்! அது ஆட்களை எண்ணுகிற கொப்பியே இல்லை, அழைப்புச் சொல்கிற கொப்பி. எந்த வாசலுக்குள் எத்தனை அடுப்பில் தனித்தனியாக வெற்றிலை வைக்கவேண்டும் என்று அவர் பல வருடமாக எழுதிவைத்தது. முதல் தடவை உள்ளே தள்ளினால் இன்னொரு அடுப்பு. அதற்கும் உள்ளே தள்ளினால் அந்த அடுப்பில் சாப்பிடுகிறவர்கள். இவ்வளவையும் ஒரு மனிதன் பேனாவால் எழுதிவைத்திருக்க, நான் எல்லாரையும் 'சார்ந்தவர்கள்' என்று ஒரே குவியலாகக் கொட்டியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை கோல்பேக்கைத் திருத்தினேன். ஒவ்வொரு அடுப்பிலும் நின்று பெயர் கேள், "போதும்" என்பதை அடுப்புக்குக் கீழே மட்டும் சொல். நாற்பத்தெட்டுக் காம்பரா, எழுபத்தொரு அடுப்பு. தாளை எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனேன். அண்ணியும் கூடவே வந்தார், அழைக்காமலே.

தலைவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னா புள்ள இது? நாப்பத்தெட்டுன்னு நா வாயால சொல்லிட்டேன். இப்ப எழுவத்தொண்ணுன்னா, என்னைய என்னா நெனைப்பாங்க? காம்பராவுக்கு ஒண்ணுதானே எப்பவும் வழக்கம்."

அண்ணி முன்னால் வந்தார். "அண்ணே, போன ஆவணியில உங்க மக கல்யாணத்துக்கு எங்க காம்பராவுக்கு வந்தீங்க."

"வந்தேன், அதுக்கென்ன?"

"எத்தன வெத்தில வச்சீங்க?"

தலைவர் தாடையைத் தடவினார். "அது... மரியாதைக்கு வச்சது."

"சரிங்க. மொய் எழுதறப்பவும் ரெண்டாத்தான் வாங்கினீங்க. அதுவும் மரியாதைக்கா? மரியாதைக்கு ரெண்டு குடும்பம், வீட்டுக்கு ஒரு குடும்பம். நல்லா இருக்குண்ணே உங்க கமிட்டி."

தலைவரின் மனைவி உள்ளிருந்து சிரித்தது கேட்டது. தலைவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, தன் பாரத்தை எங்கள் தலையில் இறக்கிவைத்தார்: "நா போட்டுட்டேன். ஆனா கிராம சேவகர் ஐயா நாளைக்கு வீடு வீடா வந்து கேட்டுத்தான் எழுதுவாரு. வீட்டுப் பெரியவுங்க வாயால ரெண்டுன்னு சொல்லணும். சொல்லாட்டி நா ஒண்ணும் செய்ய ஏலாது."

அண்ணியின் முகம் அங்கேயே மாறிவிட்டது. எங்கள் பெரியவரின் வாய் எப்படிப்பட்டது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

புதன்கிழமை பத்து மணிபோல் கிராம சேவகர் வந்தார். நல்ல மனிதர். சிங்களவர், ஆனால் எங்கள் தமிழைக் கொஞ்சம் உடைத்து உடைத்துப் பேசுவார். பட்டியலைப் பிடித்துக்கொண்டு கூட நடக்க ஆள் வேண்டும் என்று தலைவர் என்னை அனுப்பினார். முதல் வாசலில் கேட்டார்: "ஐயா, இங்க எத்தின குடும்பம்?"

அந்த வீட்டுப் பெரியவர் நெஞ்சை நிமிர்த்தினார். "ஒண்ணுதாங்க. நாங்க ஒத்துமையாத்தான் இருக்கோம்."

பின்னால் இரண்டு அடுப்பிலும் புகை. கிராம சேவகர் இரண்டாவது பெயரில் கோடு கிழித்தார்.

இரண்டாவது வாசல். "ஒரே குடும்பங்க. பிரிவினையே கெடையாது." கோடு. மூன்றாவது வாசலில் அப்பாவும் மகனும் ஒரு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை, அங்கே இன்னும் பலமாக, "ஒரே குடும்பம்!" கோடு. வெளி ஆள் முன்னால் வீடு பிரிந்துவிட்டது என்று ஒப்புக்கொள்வதைவிட மலைக்குக் கீழேயே கிடப்போம் என்று முடிவு செய்திருந்தார்கள் போல. நான் ராத்திரி பகலாகத் திருத்தி எடுத்த பிழை, வேட்டி கட்டிக்கொண்டு ஒவ்வொரு வாசலிலும் உட்கார்ந்திருந்தது. புரோகிராமில் ஒரு வரியை அழித்தால் போயிற்று. இவர்களை எங்கே அழிப்பது?

எங்கள் வாசலுக்கு வந்தோம். அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தார். பலகைக்குப் பின்னால் அண்ணி இருந்தார். அவ்வளவு வாய் உள்ளவர் அன்றைக்கு வெளியே வரவில்லை. மாமனார் வெளி ஆளோடு பேசும்போது குறுக்கே பேசுகிறவள் என்ற பெயரும் சேரவேண்டாம் என்று நினைத்திருப்பார். மாவு பிசைகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றது.

"ஐயா, இங்க எத்தின குடும்பம்?"

"ஒண்ணுதாங்க" என்றார் அப்பா. "எங்க வீட்ல பிரிவு கெடையாதுங்க."

கிராம சேவகரின் பேனா இறங்கியது. நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அவசரமாகச் சொன்னேன், ஐயா, குடும்பம் எத்தனை என்று கேட்காதீர்கள், அடுப்பு எத்தனை என்று கேளுங்கள்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பலகைக்கு இரண்டு பக்கமும் கூரையில் படிந்திருந்த கரியைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்பாவிடம் திரும்பினார்.

"செரி ஐயா. லிப் கீயத? அடுப்பு எத்தின?"

குடும்பம் ஒன்று என்று சொல்வது பெருமை, சொல்லிவிடலாம். அடுப்பு ஒன்று என்று சொல்வது பொய், இரண்டும் கண்ணுக்கு முன்னால் எரிகிறது. எங்கள் அப்பா பொய் சொல்லாதவர் என்று நான் சொல்லவரவில்லை, மூன்று வருடமாகப் புகையைப் பற்றிச் சொன்னவர்தான். ஆனால் அடுப்பைப் பற்றி நேராக ஒருவரும் அவரைக் கேட்டதில்லை. அவர் தலையைத் திருப்பிப் பலகையைப் பார்த்தார்.

"ரெண்டு" என்றார்.

சொன்ன பிறகு சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டார். கிராம சேவகர் கோடு கிழிக்காமல் விட்ட அந்த வரியில் பேனாவை வைத்தார். "ரெண்டாவது அடுப்புக்குப் பெரிய ஆள் யாரு? மகனா? மகன் எங்க?"

"கொழும்புலங்க" என்றேன் நான். "தீபாவளிக்கு வருவார்."

"அப்ப யார் பேர் போடுறது?"

நான் அண்ணனின் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். என் மரத்தில் அப்படித்தான் இருந்தது. அப்பா கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

"மருமக பேரப் போடுங்க" என்றார். "அடுப்பு எரிக்கிறது அவ. அவன் வந்தா சாப்பிட்டுட்டுப் போவட்டும்."

பலகைக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணி மெதுவாக வெளியே வந்தார். கிராம சேவகர் பெயர் கேட்டார், சொன்னார். கையெழுத்துக் கேட்டார், பேனாவை வாங்கிப் போட்டார். கை முழுக்க ரொட்டி மாவு. தாளின் ஓரத்தில் அவருடைய பெருவிரல் அப்படியே வெள்ளையாகப் பதிந்துவிட்டது. சுத்தமாக இன்னொரு பிரதி அடித்துத் தருகிறேன் என்றேன். "வேணாம், இது உண்மையான தாள்" என்று கிராம சேவகர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து, கோடு கிழித்த மூன்று வாசலுக்கும், அடுப்பைக் கேட்பதற்காக, மறுபடி நடக்கத் தொடங்கினார். அப்பா செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் போனார்.